புயல் தந்த போத்துகள்

(ஊழியத் தாங்குவோர் கூடுகையில் பேசியது)



2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களெங்கும் மரங்கள் சாய்ந்தன. வெட்டிக் குவித்த கிளைகளில் பூவரசையும் முருங்கையையும் கேட்டு வாங்கினோம். கைப் பருமனுள்ள போத்துகளை இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் முழ ஆழத்தில் நட்டு, நுனியில் சாணி அப்பினோம். முருங்கை காற்றுக்கு முறியும். முறிந்ததையே மறுபடி நடலாம். வேப்பங்கிளை அப்படி எளிதில் தழைக்காது. ஆகவே மதிலோரம் காக்கை போட்ட விதையில் முளைத்த கன்றுகளை வேர்மண்ணோடு பெயர்த்தோம்.

இன்று நோயாளிகளோடு வருவோர் பூவரச நிழலில் அமருகிறார்கள். முருங்கைக்கீரை இரத்தசோகையுள்ள தாய்மாரின் சாப்பாட்டில் சேருகிறது. கீரை இரும்புச்சத்து மாத்திரைக்கு ஈடாகாது. மாத்திரைக்கு உங்கள் காணிக்கையே வேண்டும்.

மழைக்குமுன் கிளை கழிப்பவர்கள் எரித்துவிடாமல் சொல்லியனுப்புங்கள், ஆள் வரும். காலிப் பால் பாக்கெட்டுகளும் கொடுங்கள், கன்று வைக்க உதவும்.