ஒளி காட்டும் குறியும் சொல் காட்டும் பொருளும்



மொழியியல் பயின்றோர் புற்றுநோயைக் கண்டறியும் கருவியைப் பற்றிப் பேசுவானேன் என்னும் வினா உங்கள் உள்ளத்தில் எழலாம். கருவியை ஆக்குவோர் இயற்பியலாரும் வேதியியலாரும் மருத்துவரும் ஆவர். ஆயினும், அக்கருவி தரும் முடிவு மக்களைச் சென்றடைவது சொல்லின் வழியாகவே. சொல் பிழைப்பின், கருவி எத்துணை நுட்பமானதாயினும் பயன் குன்றும். ஆகவே, நானோ ஒளியுணரிகள் இயங்கும் முறையையும் அவற்றைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பையும் இன்று ஒருசேரக் காண்போம்.

முதற்கண் பெயர்கள். 'நானோ' என்பது குள்ளரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். இதனை 'நுண்' என்னும் அடையால் குறித்தால் போதாதா எனச் சிலர் கேட்பர். நுண்ணோக்கி, நுண்ணுயிர் முதலிய சொற்களில் அவ்வடை முன்னரே மைக்ரோ அளவோடு பிணைந்துவிட்டது. மைக்ரோவோ நானோவைவிட 1,000 மடங்கு பெரிது. ஓர் அடை ஈரளவுகளைச் சுமந்தால் வகுப்பறையில் குழப்பமே மிஞ்சும். எனவே 'நானோ'வை அவ்வாறே ஏற்பது தக்கது. 'உணரி' என்பதோ நம் மொழியின் இயல்புக்கு இசைந்த ஆக்கம். நோக்கி, காட்டி, கொல்லி என்பன போல, வினையடியோடு இகர விகுதி சேர்ந்து கருவிப்பெயர் ஆயிற்று.

உடலில் நிகழும் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள் உயிர்க்குறிப்பான். 1965ஆம் ஆண்டு மான்ட்ரியாலில் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் ஆகியோர் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் கண்டு வெளியிட்ட சி.இ.ஏ. என்னும் பொருள் இதற்கு எடுத்துக்காட்டு. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி தொடர்பான பி.எஸ்.ஏ. மற்றொன்று. 'புற்று' என்னும் சொல் கறையான் எழுப்பும் புற்றையும் குறிப்பதன்றோ? மேலே மேடு தெரியும்முன்பே மண்ணுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். மேடு தெரியுமுன் அறிய வேண்டும் என்பதே இவ்வாய்வுகளின் நோக்கம்.

ஒளியால் இதனை அறிவது எவ்வாறு? பொன்னை நானோ அளவுத் துகள்களாக்கி நீரில் பரப்பினால் அந்நீர் செந்நிறம் பெறும். மைக்கேல் ஃபாரடே இதனை 1857ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கித் திரளுமாயின் நிறம் நீலத்தை நோக்கி மாறும். குறிப்பானைப் பற்றும் புரதங்களைத் துகள்மேல் பொருத்தி, குறிப்பான் வந்ததும் துகள்கள் திரளுமாறு செய்தால் நிறமாற்றமே அறிவிப்பாகிவிடும். கொவிட் காலத்தில் நாம் வீட்டில் பயன்படுத்திய விரைவுச் சோதனைக் கருவிகள் பலவற்றில் தோன்றிய சிவப்புக் கோடும் பொன் துகள்களின் நிறமே.

இதனினும் நுட்பமான முறை மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு. கண்ணாடியின்மேல் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமனில் பொன் பூசி, அடியிலிருந்து ஒளியைச் செலுத்துவர். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் ஒளியின் ஆற்றல் பொன்னின் எலக்ட்ரான்களை அதிரச் செய்வதால், எதிரொளிக்கும் ஒளி மங்கும். பொன்மேல் பொருத்திய பிறபொருளெதிரிகளில் குறிப்பான் வந்து ஒட்டியவுடன் அம்மேற்பரப்பின் ஒளிவிலகல் எண் மாறும். கோணமும் சற்றே நகரும். அந்நகர்வை அளந்தால் ஒட்டிய பொருளின் அளவு புலப்படும். 1983ஆம் ஆண்டு சுவீடன் அறிவியலாளர் லிட்பெர்க், நைலாண்டர், லண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் உயிர்ப்பொருள்களை உணர இவ்வழி உதவும் எனக் காட்டினர்.

இங்கே இடர் ஒன்று உண்டு. ஒரு மில்லிலிட்டர் இரத்த நீர்மத்தில் அல்புமின் என்னும் புரதம் ஏறத்தாழ 40 மில்லிகிராம் இருக்கும். பி.எஸ்.ஏ.யின் வழக்கமான எச்சரிக்கை வரம்போ 4 நானோகிராம். எடையளவில், ஒரு கோடிக்கு ஒன்று. தூய கரைசலில் செவ்வனே இயங்கும் உணரி, இரத்தத்தில் வேறு புரதங்கள் வந்து ஒட்டுவதால் தடுமாறக்கூடும். மேலும், பி.எஸ்.ஏ. மிகுவதற்குப் புற்றுநோய் மட்டுமே காரணமன்று. சுரப்பியின் வீக்கமும் அழற்சியும்கூட அதனை உயர்த்தும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளோர் பதின்மரில் ஒன்பதின்மரைக் காட்டி, நோயற்றோரில் நூற்றுக்கு ஐவரை மட்டும் பிழையாகச் சுட்டும் ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது. சிறந்த சோதனை என்றே தோன்றும். ஆயினும், நோயற்ற 9,990 பேரில் ஏறத்தாழ 500 பேர் பிழையாகச் சுட்டப்படுவர். ஆக, சுட்டப்பட்ட 509 பேரில் உண்மையில் நோயுற்றோர் ஒன்பதின்மரே. நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

இந்த 509 பேருக்கும் நாம் என்ன சொல்லைக் கொடுக்கப் போகிறோம் என்பதே இன்றைய உரையின் மையம். 'முடிவு நேர்மறை' என்றால், 'நேர்மறை எண்ணம்' என்னும் வழக்கில் பழகிய செவி அதனை நற்செய்தியாகக் கொள்ளும். பெருந்தொற்றுக் காலச் செய்திகளில் வழங்கிய 'உறுதி' என்னும் சொல்லை இங்குக் கொணர்ந்தாலோ, நோயற்ற 500 பேரின் உறக்கத்தைக் கெடுத்தவர்கள் ஆவோம். 'குறிப்பான் மிகுந்துள்ளது, மேலும் ஆய்வு தேவை' என்பதே உண்மைக்கு நெருங்கிய தொடர். அதுபோலவே, 'நோய் இல்லை' என்பதும் 'குறி தென்படவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது பொருளின் இன்மையைச் சொல்கிறது. பின்னது நம் காட்சியின் எல்லையைச் சொல்கிறது. சோதனை தவறவிட்ட அந்தப் பத்தாமவருக்கு இவ்வேறுபாடு உயிர்போன்றது.

நம் மூத்தோர் சல்லடையையும் முறத்தையும் வெவ்வேறு வேலைக்கே வைத்திருந்தனர். சல்லடையில் நின்றவை எல்லாம் கல்லாகா; பருமணியும் நிற்கும். முதற்சோதனை சல்லடை; படமெடுத்தலும் திசு ஆய்வும் அதற்குப் பின் வருவன. இரண்டையும் 'பரிசோதனை' என்னும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கத்தை மாற்றி, 'முற்சோதனை', 'உறுதியாய்வு' எனப் பிரித்து வழங்குவது நலம்.

ஆசிரியப் பெருமக்களே, கலைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாது, ஒரு சோதனை முடிவைத் தம் பாட்டிக்கு விளங்குமாறு ஐந்து தொடரில் எழுதும் பயிற்சியை மாணவர்க்குக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய உணரிகளை ஆக்கக்கூடும். சிலர் மருத்துவமனையில் மூத்தோர் அருகில் அமர்ந்து மொழிபெயர்க்கக்கூடும். முன்னவர்க்கு ஒளியைப் பிழையின்றி அளக்கும் கடமை உண்டு. பின்னவர்க்குச் சொல்லைப் பிழையின்றி அளக்கும் கடமை உண்டு.