முறிந்த எலும்பும் உண்ணும் உணவும்

(பொன்விழா நலவாழ்வு மாலையில் பங்கின் நோயாளர் சந்திப்புக் குழுவினர் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் மருத்துவம் பேசும்படி எங்களைக் கேட்டபோது சற்றுத் தயங்கினோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஞாயிறு தோறும் நோயாளர் வீடுகளுக்குச் சென்று வருகிற நாலைந்து பேர். எங்களுள் ஒருவர் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவர். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆறுதல் சொல்வதும் தலையணையைச் சரி செய்வதும்தான். ஆனால் கட்டிலருகே நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறை எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

ஒரு பாட்டியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மகனும் மருமகளும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மூன்று வேளையும் கஞ்சி. "ஏம்மா, ஒரு முட்டை கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டோம். "ஐயோ, புண் சீழ் பிடித்துவிடுமே!" என்றார் மருமகள். பருப்புக்கும் அதே தடை. மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆறு வாரம் ஆயிற்று. தையல் போட்ட இடம் சரியாக ஆறவில்லை. காலை ஊன்றப் பலமில்லை. இடுப்பின் பின்புறம் படுக்கைப் புண் வந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அந்த அம்மையாரை நாம் எல்லாரும் சேர்ந்துதான் அடக்கம் செய்தோம். முறிந்த எலும்பு அவரைக் கொண்டுபோகவில்லை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் நாட்டு வைத்தியர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும்போது முட்டை வெண்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் துணியில் பூசுகிறார். ஆக, முட்டையும் உளுந்தும் காலுக்கு வெளியே கிடக்கின்றன. வாய்க்குள் போவது கஞ்சித் தண்ணீர்!

எலும்பு என்றாலே சுண்ணாம்புச் சத்து என்று நாம் பழகிவிட்டோம். அது பாதி உண்மைதான். எங்கள் ஆசிரியர் பள்ளியில் ஒரு சோதனை செய்து காட்டுவாராம். ஒரு கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப் போட்டால் சுண்ணாம்பு கரைந்துபோய், எலும்பு ரப்பர் போல வளையும். இன்னொன்றை நன்றாகச் சுட்டெடுத்தால் வடிவம் அப்படியே இருக்கும்; விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாகும். முதல் எலும்பில் எஞ்சியது புரதம்; இரண்டாவதில் எஞ்சியது சுண்ணாம்பு. கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதுபோல எலும்புக்குள் புரத நார் இருக்கிறது. கம்பியில்லாமல் சிமெண்டு மட்டும் கொட்டினால் கட்டடம் நிற்குமா?

அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். அதன் அமைப்பைக் கண்டறிந்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்பவரோடு சேர்ந்து, 1954-இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார். கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து அவர்கள் கண்டது என்ன? மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு முப்புரிக் கயிறாக நிற்கின்றன என்பதே. ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒரு முறை தவறாமல் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. பெரியது எதுவும் அந்த இடத்தில் நுழைய முடியாது. நுழைந்தால் கயிறு முறுக்கேறாது. அடுத்த ஆண்டில் அவர்களே இந்த அமைப்பை மேலும் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள்.

இந்தக் கயிற்றைத் திரிப்பது செல். திரிப்பதற்குச் செல்லுக்குப் புரதம் மட்டும் போதாது. வைட்டமின் சி-யும் வேண்டும். இழையிலுள்ள சில அமினோ அமிலங்களின்மேல் ஒரு சிறு முடிச்சுப் போடும் நொதிக்கு அது துணை நிற்கிறது. முடிச்சு விழாத கயிறு சுமார் 24 டிகிரி வெப்பத்திலேயே பிரிந்துவிடும் என்று 1970-களில் கண்டறிந்தார்கள். நம் உடம்போ 37 டிகிரி! அப்படியானால் அந்தக் கயிறு உடம்புக்குள் நிற்பது எப்படி?

நிற்கவில்லை என்பதற்குக் கடலில் ஒரு சாட்சி உண்டு. 1740-இல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி கப்பற்படையோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். பழமும் காய்கறியும் இல்லாத மாதக்கணக்கான பயணம். ஸ்கர்வி நோய் மாலுமிகளை வாரிக்கொண்டு போயிற்று. அப்பயணத்தைப் பற்றி 1748-இல் வெளிவந்த நூலில் ஒரு முதிய மாலுமியைப் பற்றிய குறிப்பு உள்ளது. அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் காயமுற்றுக் குணமானவர். கப்பலில் நோய் கண்டதும், என்றோ ஆறிப்போன காயம் ஆறவே இல்லாததுபோல மீண்டும் திறந்துகொண்டது. முன்பு முறிந்து கூடியிருந்த எலும்பின் பொருத்தும் கரைந்து விட்டுப்போயிற்று. கூடிய எலும்பு கூடியபடியே கிடப்பதில்லை. செல்கள் ஓயாமல் பழையதை அகற்றிப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. சரக்கு நின்றால் கட்டடமும் சரிகிறது. நமக்கோ நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் தெருவிலேயே கிடைக்கின்றன. ஆனால் எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும் ரசத்தில் விடாமல், இறக்கிய பின் விடுங்கள்.

புரதத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் மருத்துவர்கள் நம் பாட்டியம்மாவைப் போலவே இடுப்பு முறிந்த 59 முதியோரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 82. எல்லாருக்கும் மருத்துவமனைச் சாப்பாடு. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும், அதற்கு மேல் நாள்தோறும் 250 மில்லி லிட்டர் பானம் ஒன்று. அதில் 20 கிராம் புரதம். வேறு வித்தியாசம் இல்லை. 1990-இல் வெளியான முடிவைக் கேளுங்கள். பானம் குடித்தவர்கள் மருத்துவமனைகளில் தங்கிய காலம் இடைமதிப்பாக 24 நாள். குடிக்காதவர்களுக்கு 40 நாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சிக்கல் நேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாகச் சேர்த்து, குடித்தவர்களில் நூற்றுக்கு 40, குடிக்காதவர்களில் 74. அதே நகரத்தார் 1998-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், புரதம் பெற்றவர்களின் தொடை எலும்புத் தேய்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

இவை சிறிய ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சிக்கல்கள் குறையலாம், ஆனால் உயிர்ச்சேதம் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். மூன்று டம்ளர் கஞ்சியில் மொத்தமே அவ்வளவு தேறுவது கடினம். அந்தச் சுவிஸ் பானத்தை நம் அடுப்படியிலேயே கூட்டிவிடலாம் என்பதுதான் எங்கள் கணக்கு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். பிரண்டைத் துவையலும் நல்லதுதான். காசியில் உடுப்பா என்ற மருத்துவர் 1960-களில் அதை விலங்குகளின் முறிவில் ஆராய்ந்தார். ஆனால் துவையலோடு சோறு மட்டும் போதாது.

இங்கே ஒன்று. தவக்காலத்தில் படுக்கையிலிருக்கும் பெரியவர்கள் பலர் ஒருசந்தி என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். திருச்சபைச் சட்டப்படி 59 வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்திக் கடமை கிடையாது. சுத்தபோசனத்திலிருந்தும் விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. சாமியார் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

நிற்க. இனிச் சொல்வது எங்களுக்குக் கடினமான பகுதி.

தென்னை மரத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞரை நாங்கள் சந்தித்து வருகிறோம். முதுகெலும்பு முறிந்து, அதனுள்ளே ஓடும் தண்டுவடமும் நசுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு நாள் போனபோது கட்டிலுக்கடியில் வரிசையாக டின்கள். "நரம்புச் செல்லை மறுபடி வளர்க்கும் புரதமாம்" என்றார் அவருடைய தாயார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்கியிருக்கிறார். எங்கள் செவிலியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டின்னின் மேலிருந்ததைப் படித்தார். பால் புரதம், சர்க்கரை, சில வைட்டமின்கள். விஷமில்லை. ஆனால் ஒரு டின்னின் விலைக்கு வீட்டில் பல மாதம் முட்டை வாங்கலாம்.

முள்ளெலும்பு எலும்புதான், அது கூடும். தண்டுவடம் அப்படியல்ல. மான்ட்ரியல் நகரில் டேவிட், அகுவாயோ என்ற இருவர் 1981-இல், காலின் நரம்புத் துண்டைப் பாலம் போல வைத்துக்கொடுத்தால் தண்டுவடத்து நரம்பிழைகளும் நெடுந்தூரம் வளரும் என்று எலிகளில் காட்டினார்கள். அப்படியானால் வளரும் திறன் இருக்கிறது. ஏதோ ஒன்று தடுக்கிறது. சூரிச் நகரின் மார்ட்டின் ஷ்வாப் அந்தத் தடையைத் தேடினார். நரம்பைச் சுற்றியுள்ள உறையிலேயே வளர்ச்சியை நிறுத்தும் ஒரு புரதம் இருந்தது. பின்னாளில் அதற்கு 'நோகோ' என்று பெயரிட்டார்கள். அதை மறிக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது இழைகள் வளர்ந்ததை 1990-இல் அறிவித்தார். ஆக, இங்கே சிக்கல் புரதம் குறைந்ததனால் அல்ல. தடுக்கும் புரதம் ஒன்று இருப்பதனால். வாய்வழி உண்ணும் எந்தப் பொடியும் அதைப் போய்த் தொடாது. மனிதர்களிடம் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அந்த எதிர்ப்பொருளைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை; தண்டுவடம் முழுவதும் அறுபடாத சிலரிடம் நன்மைக்கு அறிகுறி இருந்தது. இன்றைய நிலைமை இவ்வளவுதான்.

அந்தத் தாயாரிடம் இதைச் சொல்ல எங்களுக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின.

ஆனால் உணவுக்கு அந்தக் கட்டிலிலும் வேலை உண்டு. உணர்வில்லாத உடம்பில் படுக்கைப் புண் எளிதில் வரும். வந்த புண்ணின் வழியாகப் புரதம் கசிந்துகொண்டே போகும். புண்ணுள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும் என்கிறார்கள்; 50 கிலோ ஆளுக்குச் சுமார் 62 முதல் 75 கிராம். கூடவே புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் இத்தகையோருக்கான பிரிவைத் தொடங்கிய குட்மன், இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைப் புரட்டச் செய்தார். சுண்ணாம்பு மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அசையாத கால்களின் எலும்பிலிருந்து முதல் மாதங்களில் சுண்ணாம்பு கரைந்து சிறுநீரில் இறங்கும். அதற்கு மேலும் கொடுத்தால் சிறுநீரகக் கல்லுக்கு வழியாகலாம். மருத்துவர் சொன்னால் கொடுங்கள். எலும்பு மெலிந்திருப்பதால் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கும்போது கால் எங்கும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார் என்பதை அந்த இளைஞரிடம் சொன்னோம். "அவங்க டாக்டர், அக்கா" என்றார். அதுவும் சரிதான்.

டின்கள் இப்போது இல்லை. தினம் மூன்று முட்டை, பருப்பு, கிடைத்த நாளில் மத்தி மீன். தாயாரும் தம்பியும் முறை வைத்துப் புரட்டினார்கள். ஐந்து மாதத்தில் புண் மூடியது. இன்று திண்ணையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறார். நம் கோவில் மின்விசிறி இரண்டு அவர் கையில்தான் இருக்கின்றன. போன ஞாயிறும் கேட்டார்: "அக்கா, புதுசா ஏதாச்சும் கண்டுபிடிச்சிருக்காங்களா?" இன்னும் இல்லை, தம்பி என்றோம்.

வீட்டில் படுக்கையில் இருப்பவர்கள் உண்டானால், அரங்கின் வாசலில் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நாடகக் குழுவினர் வேடம் கட்டித் திரைக்குப் பின்னே காத்திருக்கிறார்கள்.