விஷத்துக்கு எத்தனை இலாகா?

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டங்களில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

நம் கிராமங்களில் எந்தப் பூச்சிமருந்தானாலும் 'பாலிடால்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. 1958-ல் பம்பாயிலிருந்து கொச்சிக்குப் போன கப்பலில் கோதுமை மாவும் பாலிடாலும் ஒன்றாக ஏற்றப்பட்டன. மருந்து ஒழுகி மாவில் கலந்தது. அந்த மாவைத் தின்ற ஏழை ஜனங்கள் 100 பேருக்கு மேல் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் மாண்டார்கள். நீதிபதி ஷா கமிஷன் விசாரித்தது. 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. அது அமுலுக்கு வந்தது 1971-ல். பிணங்கள் விழுந்து 13 வருஷம் கழித்து!

சரி, சட்டம் வந்துவிட்டதே, இன்று யார் பொறுப்பு? மருந்தைப் பதிவு செய்வது மத்திய விவசாய இலாகாவின் கீழ் உள்ள பதிவுக் கமிட்டி. கடைக்கு லைசென்சு தருவது மாநில விவசாய இலாகா. விளைந்த காய்கறியில் எவ்வளவு விஷம் தங்கலாம் என்று சொல்வது சுகாதார இலாகாவின் கீழ் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம். மயங்கி விழுந்தவனைப் பார்ப்பது ஆஸ்பத்திரி. அரிசி ஆலைக் கிடங்கில் மாத்திரை வைத்துப் புகைமூட்டும் தொழிலாளி மூச்சுத் திணறினால், அது தொழிலகப் பாதுகாப்பு இலாகாவின் கணக்கு. விஷம் ஒன்று, கோப்புகள் ஐந்து! ஒரு கோப்பில் எழுதியது அடுத்த கோப்புக்குத் தெரியாவிட்டால் சாகிறவன் யார்? தோளில் தெளிப்பானைச் சுமக்கிற கூலிக்காரன்தான்.

2017-ல் மராட்டியத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருஷம் நம் பெரம்பலூர்ப் பக்கத்திலும் பருத்திக் காட்டில் சாவு விழுந்தது. பூச்சி பெருகியது விவசாய இலாகாவின் விஷயம், ஆள் விழுந்தது சுகாதார இலாகாவின் விஷயம் என்று பிரித்து வைத்தால், முதல் ஆள் விழுந்ததுமே அந்த மருந்தை நிறுத்துவது யார்?

இலாகாக்கள் சேர்ந்தால் காரியம் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. விஷம் குடித்துச் சாகிறவர்களின் கணக்கைச் சுகாதார இலாகா எடுத்துச் சொல்ல, 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு சர்க்கார் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தடை போட்டது. ஆனால் எத்தனை நாளைக்கு? 60 நாள்! சட்டத்தின் 27-ம் பிரிவு மாநிலத்துக்குக் கொடுக்கும் அதிகாரம் அவ்வளவுதான். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள் நீட்டலாம். நிரந்தரமாக நிறுத்துவது டில்லியின் கையில்.

நம் விழுப்புரம் ஜில்லாவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புதுவை நம் பக்கத்து வீடு. சென்னையில் போடும் தடை அங்கே செல்லாது. பஸ் ஏறினால் வேறு சர்க்கார். கரும்புக்கும் நெல்லுக்கும் வரும் பூச்சிக்கு அந்த எல்லைக்கோடு தெரியுமா? விஷத்துக்குத்தான் தெரியுமா?

1971 விதிகளில் நல்ல வார்த்தைகள் பல இருக்கின்றன. மருந்தடிக்கிறவனுக்குக் கையுறை, மூக்குக் கவசம், வேலைக்கு முன் மருத்துவப் பரிசோதனை எல்லாம் எழுதியிருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அவற்றைக் கண்டீர்கள்? வெறுங்காலோடு, தலைத்துண்டையே மூக்கில் கட்டிக்கொண்டுதானே வயலில் இறங்குகிறோம்?

ஆகவே நாம் கேட்பது நான்கு.

ஒன்று: கலெக்டர் தலைமையில் விவசாயம், சுகாதாரம், உணவுப் பாதுகாப்பு, தொழிலகப் பாதுகாப்பு ஆகிய இலாகாக்கள் மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிக்கும் அங்கே நாற்காலி வேண்டும்.

இரண்டு: விஷம் தாக்கிய ஒவ்வொரு சம்பவத்தையும் தெரிவிக்கும்படி உத்தரவிட 26-ம் பிரிவு மாநில சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. ஆஸ்பத்திரிக் கணக்கு அந்த வாரமே விவசாய இலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூன்று: கவசம் நிலக்காரர் செலவில். கவசம் இல்லையேல் மருந்தடிப்பு இல்லை.

நான்கு: தமிழ்நாடும் புதுவையும் பேசி, ஒரே நாளில் தடை போட வேண்டும்.

இலாகாக்கள் ஒன்றுசேரும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான். வியர்த்து, எச்சில் ஊறி, கண் மங்கி, மூச்சு முட்டினால் உடனே வேலையை விடுங்கள். துணியைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆளோடு டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தைப் போட முடியும்.

தேதி, ஊர், மருந்தின் பெயர், விழுந்தவர் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து கோப்புகள் பேசாத உண்மையை அந்த ஒரு நோட்டு பேசும். அதைக் கலெக்டரின் மேஜையில் கொண்டுபோய் வைப்போம், தோழர்களே!