கறவை மாட்டுக்குப் போட்ட ஊசி

(ஏலாக்குறிச்சியில் விவசாயிகளும் ஊராட்சிப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏலாக்குறிச்சிக்கு வருகின்றவர்கள் ஒரு பழைய வரலாற்றைக் கேளாமல் திரும்புவதில்லை. அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை கண்டதும், அவர் வீரமாமுனிவரை நாடி இவ்வூருக்கு வந்து குணமடைந்ததும், நன்றியாக நிலம் வழங்கியதும் 1735-ஆம் ஆண்டைச் சேர்ந்த செய்தியாக இங்கே வழங்கி வருகின்றன. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் இன்று நம் பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு பாளையத்துக்கே அதிபதியாய், வேண்டிய வைத்தியர்களை வரவழைக்கும் வசதி படைத்தவராய் இருந்தும், ஒரு கட்டி அவரை உயிருக்கு அஞ்ச வைத்தது. முள் குத்திப் புரையோடிய கால், பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்ட தாய், மார்ச்சளி பற்றிய குழந்தை என்று எல்லாமே அந்நாளில் உயிருக்கு ஊசலாடும் காரியங்கள்தாம். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்து, 1940-களில் அது மருத்துவமனைகளுக்கு வந்த பிறகே இந்த அச்சம் தணிந்தது.

இவ்வகை மருந்துகளைக் கடைகளில் ஆன்டிபயாடிக் என்கிறார்கள். நுண்ணுயிர்க்கொல்லி என்று நாம் சொல்லலாம். அவை இப்பொழுது மெல்ல மெல்லப் பலனற்றுப் போகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ‘இது டாக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே, மாட்டுக் கொட்டகைக்கும் வயலுக்கும் இதில் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, அதைச் சொல்லவே வந்தோம்.

பருத்தி பயிரிட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால் காய்ப்புழுக்களில் பெரும்பாலானவை மடிகின்றன. தாங்கும் வலிமையுள்ள சில புழுக்கள் பிழைக்கின்றன. மறு ஆண்டு வயலில் இருப்பவை அவற்றின் வாரிசுகளே. கிருமிகளின் கதையும் அதுதான். ஆனால் அங்கே எல்லாம் வேகமாக நடக்கும். வசதியான இடம் கிடைத்தால் சில கிருமிகள் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகுகின்றன. அத்துடன், புழுவால் செய்ய முடியாத ஒரு காரியத்தையும் கிருமி செய்யும்: மருந்தைத் தாங்கும் திறனைப் பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மாட்டின் குடலில் தோன்றிய திறன், சாணத்தின் வழியாகவும் தண்ணீரின் வழியாகவும் கறப்பவர் கையின் வழியாகவும் மனிதரைத் தாக்கும் கிருமிக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

மாட்டுக்கென்று தனியாக ஒரு மருந்து இனம் உண்டென்று பலர் எண்ணுகின்றனர். பெனிசிலின், டெட்ராசைக்ளின் வகைகள் மனிதருக்கும் மாட்டுக்கும் பொது. மருந்துப் புட்டியும் அளவுமே வேறு. மடிநோய் கண்ட பசுவுக்கு ஊசி போட்டால் மருந்தின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. ஒரு பகுதி சாணத்திலும் கோமியத்திலும் வெளியேறுகிறது. பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும்; மருந்து முழுவதும் அழிந்துவிடாது. நம் தாய்மார்களில் சிலர் இதை அறியாமலே கண்டிருப்பார்கள். உறை ஊற்றிய பால் மறுநாளும் தோயாமல் நீராய் நிற்கும். உறைமோரைக் குறை சொல்வோம். ஊசி போட்ட மாட்டின் பாலாயிருந்தால், அதிலிருந்த மருந்து தயிராக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றிருக்கக்கூடும்.

இதற்காகவே சட்டம் ஒரு காலக்கெடு வகுத்திருக்கிறது. உணவு தரும் கால்நடைகளுக்கான மருந்தின் உறைமீது, ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விலக்க வேண்டும் என்று குறித்திருக்க வேண்டும். அவ்வாறு குறிப்பிடாத மருந்துக்குப் பாலும் முட்டையும் 7 நாள், இறைச்சி 28 நாள் என்று 2012-இல் மத்திய அரசு விதி செய்தது. ஏழு நாள் பாலைக் கறந்து கொட்டுங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது எங்களுக்குச் சுலபம். ஒரே பசுவை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அது ஒரு வார வருமானம். அதற்கு ஈடு தருகிறோம் என்று வாக்களிக்க நம்மால் இயலாது. பொய் வாக்கு அளிப்பதைவிட இதைச் சொல்லிவிடுவது மேல். அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டிவிடலாமே என்பார்கள். அதுவும் ஆகாது, கன்றின் குடலிலேயே அடங்காத கிருமிகள் வளரும். ஆகவே ஊசிக்கே தேவை நேராதபடி பார்த்துக்கொள்வதுதான் குடியானவருக்குக் கட்டுப்படியாகும் வழி.

அதற்கு நல்ல துணை கொள்ளிடத்துக்குத் தென்கரையிலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் நாட்டு மருத்துவ முறைகளைத் திரட்டி ஆராய்ந்து, மடிநோய்க்கு ஒரு மருந்தை வகுத்தார். அதைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் நாடெங்கும் பரப்பி வருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்துச் சிவந்த விழுதாக அரைக்க வேண்டும். மடியைக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, விழுதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசுவது முறை. எலுமிச்சம்பழமும் தின்னக் கொடுக்க வேண்டும். பத்து முறையா என்று மலைக்க வேண்டாம். அந்த உழைப்பு, கொட்டப்போகும் பாலின் விலையைவிடக் குறைவு. நோய் தொடங்கியவுடன் செய்தால்தான் பலன். மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் கண்டாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் ஊசி போட்டால், முழு நாளும் முழு அளவும் போடச் செய்யுங்கள். மாடு எழுந்து தீவனம் தின்றதும் பாதியில் நிறுத்துவது, வலிய கிருமியைப் பொறுக்கியெடுத்து விதைக்கு வைப்பது போலாகும். குறைந்த அளவு கிருமிகளைப் பழக்கிவிடும் என்று 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார்.

வேறொரு வீண்செலவும் நடக்கிறது. கோமாரியும் கோழிகளின் வெள்ளைக்கழிச்சலும் வைரஸ் நோய்கள்; நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தொடாது. கழிச்சல் கண்ட கோழிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் பொடித்துக் கொடுப்பது கோழியையும் காப்பாற்றாது, காசையும் மிச்சமாக்காது. இவ்விரண்டுக்கும் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் நடத்துகிறது. முகாம் நாளைத் தண்டோராப் போட்டு அறிவிப்பதும் ஊராட்சியின் சுகாதாரப் பணிதான்.

கோழித் தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நோயில்லாத கோழிக்கும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலந்தால் எடை கூடுகிறதென்று 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டார்கள். அன்று தொடங்கிய வழக்கம் உலகெங்கும் பரவியது. கொலிஸ்டின் என்ற மருந்தும் இவ்வாறு தீவனத்தில் கலந்தது. மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட நோயாளிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. அதைத் தாங்கும் திறன் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015-இல் சீனாவில் பன்றிகளிடம் கண்டறிந்தனர். சென்னையில் உணவுப் பொருட்களைச் சோதித்த மருத்துவர்களும் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகளைக் கண்டு 2019-இல் வெளியிட்டனர். அவ்வாண்டு ஜூலையில், உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கொலிஸ்டினைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடைசெய்தது. தடையால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்குச் சீனாவின் அனுபவமே விடை: அங்கே 2017-இல் தீவனத்தில் கலப்பதை நிறுத்தினர், சில ஆண்டுகளிலேயே பன்றிகளிடமும் மனிதரிடமும் அக்கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. ஒப்பந்தத்தின் பேரில் கோழி வளர்ப்போர், வந்திறங்கும் தீவன மூட்டையின் சீட்டைப் படித்துப் பார்க்கவும், புரியாததை மருத்துவரிடம் கேட்கவும் தயங்கலாகாது.

நெல்வயலில் நடப்பதையும் சொல்லிவிடுவோம். பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிக்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. இதில் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்குக் கண்டறிந்த மருந்து. இதன் பயன்பாட்டை 2024 ஜனவரி முதல் அறவே நிறுத்துவதென்று மத்திய வேளாண்மை அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. யூரியாவை அளவோடு பிரித்து இடுதல், நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதிருத்தல், நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதிருத்தல் ஆகியவை நோயைக் கட்டுப்படுத்தும். புதிய சாணக் கரைசலை 20 விழுக்காடாக வடித்துத் தெளிக்கவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அது ஊசி போட்ட மாட்டின் சாணமாக இல்லாதிருக்கட்டும்!

ஊராட்சியின் கையில் நேரடியாக இருப்பவை இரண்டு. மேல்நிலைத் தொட்டிக்குத் தவறாமல் குளோரின் இட்டால் வயிற்றுப்போக்கு குறையும். மருந்தின் தேவையும் குறையும். கோழி எருவையும் சாணத்தையும் நீர்நிலையின் கரையில் குவிக்காமல், மேட்டில் குவித்துச் சூடேறி மட்கியபின் வயலுக்கு இட ஏற்பாடு செய்யலாம். செத்த கோழியை வாய்க்காலில் எறிவோரை அடுத்த கிராம சபையில் பெயர் சொல்லியே கண்டிக்கலாம். நாங்கள் தடை சொல்ல மாட்டோம்.

பால் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போட்ட மாட்டின் கொம்பில் சிவப்புத் துணி கட்டுவதென்று ஊரே ஏற்றுக்கொண்டால், கறப்பவர் யாராயினும் அந்தப் பாலை மற்றப் பாலோடு கலக்க மாட்டார். ஊசி போட்ட நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, விலக்கு நாள் முடிந்ததும் துணியை அவிழ்க்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை; ஒருவர் பாலை நிறுத்தி மற்றவர் ஊற்றும் மனக்குறையும் எழாது. கூட்டம் கலைவதற்கு முன் இதைப் பற்றி உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.

கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டுவந்திருக்கிறோம். கால்நடை உதவி மருத்துவர் அவர்கள் இப்பொழுது விழுது அரைக்கும் முறையைச் செய்து காட்டுவார்கள்.