கைப்பேசியில் பாடம், துணை மையத்தில் கேள்வி



இந்தக் கருத்தரங்கின் முன்வரிசையைப் பேராசிரியர்களுக்கு ஒதுக்கி, கிராம சுகாதாரச் செவிலியர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பிற்பகலிலாவது அதை மாற்றிவிடுங்கள். இன்று நாம் பேச வந்திருப்பது அவர்களுடைய வேலையைப் பற்றித்தான்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் நடந்தது. மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு என்கிறது அது. பிரசவ நலத்தில் நாட்டுக்கே வழிகாட்டி என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் மாநிலம் இது. வன்முறைக்கு ஆளான பெண்களில் நான்கில் மூன்று பேர் உதவி தேடியதுமில்லை, யாரிடமும் வாய் திறந்ததுமில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் காவல் நிலையப் படியேறாத அந்தப் பெண், கர்ப்பத்தைப் பதிவு செய்யவும் குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் துணை சுகாதார மையத்துக்கு வந்தே தீருகிறாள். நம்மிடம் மட்டுமே இருக்கும் வாய்ப்பு அது.

அந்த வாய்ப்புக்குச் செவிலியரைத் தயார்செய்ய இணையவழிப் பயிற்சி போதுமா என்பதே இன்றைய கேள்வி. நான் இணையத்துக்கு எதிரி அல்ல. மூன்று நாள் பயிற்சிக்கு ஒரு செவிலியரை மாவட்டத் தலைநகருக்கு வரவழைத்தால், மூன்று நாளும் அவருடைய துணை மையம் பூட்டிக் கிடக்கும். சொல்லும் காரணத்தோடு பொருந்தாத காயம், அடிக்கடி வரும் காரணமில்லாத வலி, தாமதமாகப் பதிவாகும் கர்ப்பம் ஆகிய அறிகுறிகளைத் திரையில் நன்றாகவே கற்பிக்கலாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மருத்துவ உதவியை மறுக்க முடியாது என்பதையும் அப்படியே. ‘இது போலீஸ் கேஸ், நமக்கெதற்கு’ என்று கைகழுவும் மருத்துவர்களுக்கு அந்தப் பாடத்தை இரண்டு முறை போட்டுக் காட்டலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் காணொளியைச் செவிலியர் எங்கே, எப்போது பார்க்கிறார்? பகலெல்லாம் களப்பணி, மாலையில் ‘பிக்மி’ இணையதளத்தில் கர்ப்பிணிகளின் விவரப் பதிவேற்றம். இரவு பத்து மணிக்கு, பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே, கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் காணொளி ஓடுகிறது. நூற்றுக்கு 38 என்ற கணக்கு செவிலியர் குடியிருப்பின் வாசலோடு நின்றுவிடுமா? பாடம் பார்ப்பவரே அடிபட்டவராக இருக்கலாம். அவர் யாரிடம் பேசுவது என்று எந்தப் பாடத்திட்டமாவது முதல் பக்கத்தில் சொல்லியிருக்கிறதா?

அடுத்து, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை. பெண்ணோடு மாமியாரும் வருவார், நாற்காலியையும் நெருக்கிப் போட்டுக்கொள்வார். அந்த இடத்தில் ‘வீட்டில் அடிக்கிறார்களா’ என்று கேட்டால் அன்றிரவு அடி இரட்டிப்பாகும். அனுபவசாலியான செவிலியர் வேறு வழி பார்ப்பார். ‘எடை பார்க்கணும், நீ மட்டும் உள்ளே வாம்மா’ என்பார். கதவைச் சாத்திவிட்டு, ‘இந்த மாதிரிக் காயத்தோடு வருகிற சிலருக்கு வீட்டில் பிரச்சினை இருக்கும், உனக்கு எப்படி?’ என்று மெதுவாகக் கேட்பார். பதில் வராவிட்டால் வற்புறுத்த மாட்டார். பதில் வந்தால் அதைத் தாய் சேய் நல அட்டையில் எழுத மாட்டார், அட்டை வீட்டுக்குப் போகுமே. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் தாளில் எழுதித் தராமல் வாயால் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார். இவை எல்லாம் கைப்பழக்கம். பலவிடைத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கும் முதல் முறை நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் பெண்களிடமும் கேள்வித்தாளை நீட்டுவதை உலக சுகாதார நிறுவனம் தன் 2013 வழிகாட்டுதலிலேயே பரிந்துரைக்கவில்லை. கர்ப்பகாலப் பரிசோதனையில் கேட்பதற்கும் சில ஏற்பாடுகள் முன்கூட்டியே வேண்டும் என்றது: தனியிடம், ரகசியம், பயிற்சி, அனுப்பிவைக்க ஓர் இடம். நம் பயிற்சிகளோ கேள்வியில் தொடங்குகின்றன, அனுப்பும் இடத்தைக் கடைசிப் பாடத்தின் அடிக்குறிப்பில் வைக்கின்றன.

இங்கிலாந்தில் ஹாக்னி, பிரிஸ்டல் பகுதிகளின் குடும்ப மருத்துவ நிலையங்களில் நடந்த ‘ஐரிஸ்’ ஆய்வு 2011இல் வெளியானது. குடும்ப வன்முறை குறித்துப் பயிற்சி பெற்ற 24 நிலையங்கள் ஓராண்டில் 223 பெண்களை உதவி அமைப்புக்கு அனுப்பின, பயிற்சி பெறாத 24 நிலையங்கள் 12 பேரை. அந்த வித்தியாசத்தைப் பாடத்தின் சிறப்பு என்று மட்டும் நான் படிக்கவில்லை. பயிற்சி கொடுத்தவரே அந்தப் பெண்களை ஏற்றுக்கொள்ளும் துணையாளராகவும் இருந்தார், மருத்துவருக்கு அவருடைய முகம் தெரியும். மும்பை பாந்த்ரா பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் ‘செஹாத்’ அமைப்பும் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘திலாசா’ மையத்திலும் ஆலோசகர் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தார். இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ‘நட்பு நிலைய’ங்களும் அப்படித்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். காணொளிகளைப் பாதியாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் பத்துப் பத்துப் பேராகச் செவிலியர்களை நேரலையில், பணி நேரத்திலேயே, கூட்டி வையுங்கள். ஒருவர் மாமியாராகவும் ஒருவர் மருமகளாகவும் நடிக்கட்டும். சிரிப்பு வரும், வரட்டும். அதே கூட்டத்தில் குடும்ப வன்முறைச் சட்டப்படியான மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும் ஒருங்கிணைந்த சேவை மைய ஆலோசகரும் திரையில் முகம் காட்டித் தங்கள் எண்ணைச் சொல்லட்டும். சான்றிதழ் அதற்குப் பிறகு.

முதல் அமர்வில் கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பயிற்சியை எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண் அச்சிட்ட சுருக்கத்தில் இருக்கிறது, பார்த்தேன். முடித்தவர்களில் எத்தனை பேருடைய துணை மையத்தில் சாத்துகிற மாதிரி ஒரு கதவு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.