ஊரைப் பிடிப்பதும் மக்களைப் பெறுவதும்

(நமது சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கே தீவிரவாதத் தாக்குதல் நடந்தாலும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வரும். "இவ்வளவு பெரிய ராணுவம் இருக்கிறதே, ஒரே வாரத்தில் முடித்துவிட முடியாதா?" நியாயமான கேள்விதான். நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றை வைத்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. ஆயுதங்களை வாங்கி வைத்து அமைதி காக்கப் போனவர்களுக்குச் சண்டை போடு என்று உத்தரவு. வேலையே மாறிவிட்டது. அதற்கான தயாரிப்பு இல்லை. நல்ல வரைபடம்கூடப் போதவில்லை என்று அங்கே பணியாற்றிய அதிகாரிகளே பிற்பாடு எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் 11 இரவு, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டு எதிரி முன்கூட்டியே காத்திருந்தான். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 13ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 30 பேர் அங்கே இறங்கினார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். வீரத்தில் குறைவில்லை, தகவலில்தான் குறை. இந்த வகைப் போரில் பீரங்கியைவிடத் தகவல் பெரிது. அது ஊர்மக்களிடம்தான் இருக்கிறது. பயந்தவர்களும் வெறுத்தவர்களும் தகவல் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த சிக்கல், எதிரி யார் என்று தெரியாதது. சீருடை கிடையாது. காலையில் சைக்கிளில் போகிறவர் மாலையில் துப்பாக்கியோடு நிற்கலாம். சாலைக்கு அடியில் புதைத்த கண்ணிவெடி கவச வண்டியையே தூக்கி எறிந்தது. பெரும்பாலான வீரர்களுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்று செத்தவனைப் பார்த்த பயத்தில் எல்லோரும் எதிரியாகத் தெரிவார்கள். போராளிக்கு வேண்டியதும் அதுதான்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் வீரர்கள் நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது ராணுவத் தரப்பின் விளக்கம். விளக்கம் எதுவானாலும், மாலை போட்ட கைகள் அதற்குப் பிறகு நமக்காக நீளவில்லை. அந்த மாத இறுதிக்குள் யாழ்ப்பாண நகரம் நம் படையின் வசம் வந்துவிட்டது. புலிகள் வன்னிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஊர் கிடைத்தது, போர் முடியவில்லை.

அரசியலும் காலை வாரியது. 1989இல் புதிய அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். அவர் அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பின்னர் வெளியே வந்தது. யாருக்கு உதவப் போனோமோ அந்த அரசும் வேண்டாம் என்றது, யாரைக் காக்கப் போனோமோ அந்த மக்களும் வேண்டாம் என்றார்கள்.

1990 மார்ச்சில் படை திரும்பியது. சுமார் 1,200 வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. நம் சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்தப் படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் தமிழர்களும் இருந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று போரிட்டு இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அனுப்பியவர்கள் செய்த தவறுக்குப் போனவர்களைக் குற்றம் சொல்வது முறையல்ல. அதே சமயம், அங்கே செத்த சாதாரண மக்களை மறைத்துவிட்டு வீரர்களைப் போற்றுவதும் முறையல்ல. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மிசோரமைப் பாருங்கள். 1966இல் ஐஸ்வால் மீது நம் விமானப்படையே தாக்குதல் நடத்தியது. கிராமங்களை அப்புறப்படுத்தி ஒரே இடத்தில் குடியமர்த்தினார்கள். கசப்புதான் வளர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, 1986 ஜூனில் ஒப்பந்தம் ஆனது. கிளர்ச்சித் தலைவர் லால்டெங்கா முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே இன்றுவரை அமைதி நிலைத்திருக்கிறது. ராணுவம் நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்தில் அரசியல் தீர்வு காண வேண்டியது ஆட்சியாளர்கள் வேலை.

இலங்கையில் 2009 மே மாதம் ராணுவமே போரை முடித்தது. கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. துப்பாக்கிச் சத்தம் நின்றது. தமிழர்கள் கேட்ட அதிகாரப் பகிர்வு இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

இதெல்லாம் பெரம்பூரில் ஃபிளாட்டில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அந்தப் போரில் இருந்து தப்பி வந்தவர்கள், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவர் நம் குடியிருப்பில் வாடகைக்கு வீடு கேட்டு வரலாம். பதிவுச் சான்றைக் கேளுங்கள், காவல் நிலையத்தில் விவரம் கொடுங்கள். அது எல்லா வாடகைதாரருக்கும் செய்வதுதான். அதற்கு மேல் பேச்சை வைத்தோ ஊரை வைத்தோ கதவைச் சாத்தாதீர்கள். வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இதே கணக்குதான். நம்மை நம்புகிறவர்தான் சந்தேகமான ஆள் நடமாடினால் நம்மிடம் வந்து சொல்வார். பாதுகாப்புக்கு கேமரா வேண்டும், வாட்ச்மேன் வேண்டும். அதோடு அந்த நம்பிக்கையும் வேண்டும்.

அடுத்த முறை குழுவில் "குண்டு போட்டு முடித்துவிடலாம்" என்று யாராவது எழுதினால், கோபப்படாமல் யாழ்ப்பாணத்தையும் மிசோரமையும் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்.