மானாவாரி நிலத்துக்கு வானிலை அறிக்கைதான் வாய்க்கால்

(அருப்புக்கோட்டையில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வானிலை ஆய்வுக்கு அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். பஞ்சமி நிலம், ஆணவக்கொலை என்று பேசுகிற இடத்தில் மழை ராடாருக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்கும். வேலை இருக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கரிசல் காத்துக் கிடப்பது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். கிணறோ போரோ வைத்திருப்பவர் மழை தப்பினால் மோட்டாரைப் போட்டு ஒரு தண்ணீர் பாய்ச்சிக்கொள்வார். மானாவாரிக்காரர் புரட்டாசியில் காய்ந்த மண்ணில் சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். முளைக்கிற அளவுக்கு மட்டும் ஒரு தூறல் விழுந்து, பிறகு மூன்று வாரம் வெயில் காய்ந்தால் முளைத்தது அத்தனையும் கருகும். மறுபடி விதை, மறுபடி உழவுக்கூலி, மறுபடி வட்டி. போர் போட முதல் இல்லாதவர், வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர், களையெடுக்கப் போகும் பெண்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காடு பட்டியல் சாதியினர். நிலத்தில் அந்தப் பங்கு கிடையாது. இருக்கிற துண்டு நிலத்துக்கும் பெரும்பாலும் பாசனம் கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை ‘ஐந்து நாள் கழித்து விதையுங்கள்’ என்ற ஒரு வரிதான் வாய்க்கால்.

அந்த ஒரு வரியைச் சொல்லும் அதிகாரம் முன்பு யார் கையில் இருந்தது? சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை, கடலில் இவ்வளவு, மலையில் இவ்வளவு, பூமியில் இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். வாசிப்பவர் ஒரு சாதி. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவர் ஒரு சாதி. உழுது விதைக்கிறவர் வாசலுக்கு வெளியே. அந்த மரக்கால் கணக்கு பலித்ததா என்பது வேறு கதை. வானத்தைப் பற்றிய பேச்சுக்கும் வாசற்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

1875இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறை வெள்ளைக்காரன் வரி வசூலுக்கும் கப்பலுக்கும் பஞ்சக் கணக்குக்கும் உண்டாக்கியது. நமக்காக உண்டாக்கவில்லை. ஆனால் வானொலியில் வந்த அறிக்கை கேட்பவரின் சாதியைக் கேட்கவில்லை. பொதுப்பணத்தில் நடப்பது என்பதற்கு அர்த்தம் அதுதான்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருப்பது தெரியும். இதுபோன்ற வேளாண் அறிவியல் நிலையங்களில் நாடு முழுக்க 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை ஒன்றிய அரசு அமைத்தது. ஒரு அலகுக்கு ஒரு வல்லுநர், ஒரு பதிவாளர், இரண்டே பேர். செவ்வாயும் வெள்ளியும் வட்டார வாரியாக ஐந்து நாள் வானிலையைப் பார்த்து, விதைக்கலாமா, மருந்து அடிக்கலாமா, அறுப்பைத் தள்ளிப்போடலாமா என்று உள்ளூர் மொழியில் எழுதி அனுப்புவது அவர்கள் வேலை. 2024 மார்ச்சோடு அத்தனையையும் மூடிவிட்டார்கள். தகவல் சேகரிப்பு தானியங்கி ஆகிவிட்டது, ஆட்கள் எதற்கு என்று நிதி ஆயோக் கேட்டதும், இதைத் தனியாரிடம் விடலாம் என்று யோசனை சொன்னதும் பின்னால் வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. மீண்டும் திறப்பது பற்றி அப்புறம் பேச்சு வந்தது. பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

கருவி மழையை அளக்கும். கரிசலில் எத்தனை மில்லிமீட்டருக்குப் பிறகு பருத்தி ஊன்றலாம் என்று அது பக்கத்து ஊர் அக்காவிடம் சொல்லாது. 199 இடத்தில் இரண்டு பேர் என்றால் மொத்தம் 400 பேர்கூட இல்லை. அதே 2024 செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ என்று 2,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ராடார், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் வரட்டும், வரவேற்கிறேன். நமக்குத் தேவையும் இருக்கிறது. காரைக்கால் ராடார் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பூமி வளைவதால் அத்தனை தொலைவில் அதன் கதிர் தரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உயரத்தில் போகும். தாழ்ந்த மேகத்தைப் பார்க்காது. திருவனந்தபுரம் ராடாருக்கு மேற்குமலை குறுக்கே நிற்கிறது. ‘வானிலைக்காரன் மழைன்னா குடை வேண்டாம்’ என்று நக்கலடிக்கிறோமே, பாதி இந்த இடைவெளியின் விளைவு. ராமநாதபுரத்தில் ராடார் வைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. அதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் டெல்லியில் எந்திரத்துக்குக் கிடைக்கிற கோடி, ஊரில் இரண்டு மனிதருக்குக் கிடைக்காமல் போவதை எப்படி ஏற்பது?

செலவு வீண் என்று வாதிட அவர்களுக்கு இடமும் இல்லை. பருவமழைக் கணிப்பில் போட்ட பணம் என்ன பலன் தந்தது என்று என்.சி.ஏ.இ.ஆர். 2020இல் ஆராய்ந்தது. ஒரு ரூபாய் முதலீட்டுக்கு 50 ரூபாய் பலன் என்றது. மானாவாரி மாவட்டங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு சுமார் 12,500 ரூபாய் கூடுதல் வருமானம் என்றும் கணக்கிட்டது. அந்தக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

அமெரிக்காவிலும் இதே கத்தரிக்கோல்தான். 2025இல் அங்கே நோவா என்கிற கடல், வளிமண்டல நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நமக்கென்ன என்று இருக்க முடியாது. உலகக் கடல்களில் மிதக்கும் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகளில் ஏறத்தாழப் பாதி அமெரிக்கா போட்டது. இந்தியப் பெருங்கடலில் நங்கூரமிட்ட ராமா மிதவைகளை நோவாவும் இந்தியாவும் சேர்ந்து பராமரிக்கின்றன. பசிபிக்கில் எல் நினோ வந்தால் நம் வடகிழக்குப் பருவமழை பொதுவாக வலுக்கும். அந்தக் கடலைப் பார்க்கிற கண் மங்கினால் திருச்சுழியில் விதைப்புத் தேதி தடுமாறும்.

இன்னொன்று மின்னல். 2022இல் மட்டும் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. திறந்தவெளியில் களை பறிப்பதும் ஆடு மேய்ப்பதும் யாருடைய வேலையோ, அவர்கள் தலையில்தான் அது விழுகிறது. ‘வேலையை நிறுத்து’ என்று கைபேசியில் எச்சரிக்கை வந்தாலும், வரப்பில் நிற்பவர் விட்டால்தானே கரையேற முடியும்! எச்சரிக்கை வந்தால் கூலியோடு வேலை நிறுத்தம் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

நாளை இதைத் தனியார் சந்தா கட்டி வாங்கு என்பான். போர் உள்ளவர் கட்டுவார். இல்லாதவர் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். திரும்பவும் அந்த வாசற்படி. வேலை தரப்பிலும் பாருங்கள்: மூடப்பட்ட அலகுகளில் இருந்தவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது அதனால்தான். தனியாரிடம் போனால் இடஒதுக்கீடும் இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்த அம்பேத்கர் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்னெடுத்தார். வெள்ளமும் வறட்சியும் விதியல்ல, அரசின் வேலை என்ற நிலையிலிருந்து செய்த காரியம் அது.

அக்டோபர் 2 கிராம சபை, நம் மழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு நிரந்தரப் பணியிடங்களோடு வேளாண் வானிலை அலகு வேண்டும், அங்கே இடஒதுக்கீடு வேண்டும், வாரம் இரண்டு முறை அறிக்கையை ரேஷன் கடைச் சுவரிலும் காலனி முனையிலும் எழுதி வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வாசகம் எழுதித் தர நான் தயார். எந்தெந்த ஊரில் கொண்டுவருகிறீர்கள் என்று போகும் முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.